குளிர்ந்த டயரில் காற்று பாருங்கள்: கார் சக்கரங்களைப் பேணும் முறை

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் பெட்ரோல் பங்க்குகளில் காற்றுப் பிடிக்கும் இடத்தில் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். "வெயில் காலம் சார், 28 போதும். கூட வச்சா வெடிச்சிரும்" என்று காற்றுப் பிடிக்கும் தம்பி அக்கறையோடு சொல்வார், வண்டிக்காரரும் சரியென்று தலையாட்டிவிட்டுப் புறப்பட்டுவிடுவார். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அறிவுரைதான் என்றாலும், இது உண்மைக்கு நேர் எதிரானது. நெடுஞ்சாலையில் ஓடும்போது டயர் வெடிப்பதற்குக் காற்று சற்றுக் கூடுதலாக இருப்பதைக் காட்டிலும் குறைவாக இருப்பதே பெரிய காரணம். சக்கரப் பராமரிப்பில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்று கருதுவதால், இதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 900 கிலோ என்றால் ஒவ்வொரு சக்கரமும் சராசரியாக 225 கிலோவைத் தாங்குகிறது. அந்தச் சக்கரம் தரையைத் தொடும் பரப்போ ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுதான். தரையைத் தொடும் இடத்தில் டயரின் பக்கச்சுவர் சற்றுப் பிதுங்கி, தரையை விட்டு எழுந்ததும் மீண்டும் நிமிர்கிறது. 165/80 ஆர்14 அளவுள்ள டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் வினாடிக்குப் பதினான்கு முறை பிதுங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடுவதுபோல், இந்த ஓயாத வளைவில் ரப்பர் சூடாகிறது. காற்று குறைந்தால் பிதுங்கல் கூடும். பிதுங்கல் கூடினால் சூடும் கூடும். அந்தச் சூட்டில் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி அடுக்குக்கும் இடையிலுள்ள பிடிப்பு விட்டுப்போய், ஒரு கட்டத்தில் டயர் கிழிந்துவிடும். மே மாதத்துத் தார்ச்சாலை, நான்கைந்து பேர் அமர்ந்த வண்டி, பின்னால் மூட்டை முடிச்சு, நிற்காத ஓட்டம் ஆகிய நான்கும் சேரும்போது காற்றுக் குறைவான டயர்தான் முதலில் பலியாகிறது.

சரியான அளவில் காற்று உள்ள டயர் வெயிலில் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். காலையில் 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வைத்த டயரின் உட்காற்று ஓட்டத்தில் 60 டிகிரிக்கு ஏறினால், அழுத்தம் ஏறத்தாழ 38 ஆகும். அவ்வளவுதான். இந்த ஏற்றத்தையும் கணக்கில் கொண்டுதான் கார் நிறுவனம் குளிர்ந்த டயருக்கான அளவைக் குறித்திருக்கிறது. எனவே கோடைக்கென்று காற்றைக் குறைக்க வேண்டிய தேவையே இல்லை. அதேபோல், ஓடிச் சூடான டயரில் 37 அல்லது 38 காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிடவும் கூடாது. இறக்கினால், மறுநாள் காலை டயர் ஆறியபின் அது 28, 29 என்று நிற்கும். அதை அறியாமலே அடுத்த பயணத்துக்குக் கிளம்புவோம்.

உங்கள் காருக்குரிய அளவு எது என்பதை அறிய யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் தாளிலோ, சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ, வண்டியோடு கொடுத்த கையேட்டிலோ முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனியாக அளவு குறிக்கப்பட்டிருக்கும். ஓரிருவர் மட்டும் செல்லும்போது ஓர் அளவும், ஆட்களும் சுமையும் நிறைந்திருக்கும்போது அதைவிடக் கூடுதலான ஓர் அளவும் பல வண்டிகளுக்கு உண்டு. குடும்பத்தோடு வெளியூர் செல்லும் நாளில் இரண்டாவது அளவையே பின்பற்ற வேண்டும். டயரின் பக்கச்சுவரில் 44 என்றோ 51 என்றோ பொறித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவே தவிர, உங்கள் வண்டிக்கு வைக்க வேண்டிய அளவு அன்று. சில தாள்களில் பிஎஸ்ஐ இல்லாமல் பார் அல்லது கிலோபாஸ்கல் மட்டும் இருக்கும், 2.3 பார் என்றாலும் 230 கிலோபாஸ்கல் என்றாலும் அது 33 பிஎஸ்ஐதான்.

காற்றைப் பார்க்க வேண்டிய நேரம், வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருந்த நேரம். விடியற்காலை சிறந்தது. பங்க் இரண்டு கி.மீ.க்குள் இருந்தால் மெதுவாக ஓட்டிச் சென்று பிடிக்கலாம். அதைவிடத் தூரமென்றால் டயர் சூடேறிவிடும், அங்கே காட்டும் அளவை நம்ப முடியாது. இதனால்தான் சில நூறு ரூபாய் செலவிட்டுச் சொந்தமாக ஒரு காற்றுமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். பல கைகள் பட்டு, கீழே விழுந்து அடிபட்ட பங்க் மானிகள் சில வேளைகளில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ தவறாகக் காட்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய கம்ப்ரசர் ஒன்றும் இருந்துவிட்டால், வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும்.

செய்முறை எளிது. வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் வைத்தால் உருண்டு ஓடிவிடும், அல்லது மண் ஒட்டிக்கொண்டு அந்த மண் வால்வுக்குள் போகும். மானியை வால்வின் மேல் நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். சாய்வாக வைத்தால் "உஸ்" என்ற ஒலியோடு காற்று வெளியேறி, அளவும் குறைவாகக் காட்டும். ஒலி நின்றபின் காட்டும் எண்ணே சரியான எண். ஐயமிருந்தால் இரண்டாம் முறையும் பாருங்கள். காற்றை நிரப்பிய பிறகு, விரல் நுனியில் சிறிது சோப்பு நீரையோ எச்சிலையோ தொட்டு வால்வின் வாயில் வைத்து, பத்து எண்ணும் வரை கவனியுங்கள்; குமிழி எழுந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசி கசிகிறது என்று பொருள். பஞ்சர் கடையில் மிகக் குறைந்த செலவில் அதை மாற்றிவிடுவார்கள். மூடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள். தூசியும் ஈரமும் வால்வுக்குள் போகாமல் தடுப்பது அந்தச் சிறு பிளாஸ்டிக் மூடிதான்.

பஞ்சர் எதுவும் இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகக் குறையும். ஆகவே மாதம் ஒருமுறையும், நெடும்பயணத்துக்கு முன்பும் பார்ப்பது போதுமானது. நான்கில் ஒன்று மட்டும் ஒவ்வொரு மாதமும் நான்கைந்து குறைந்துகொண்டே வந்தால், அதில் ஆணியோ வால்வுக் கசிவோ ரிம் ஓரக் கசிவோ உறுதியாக இருக்கிறது. காற்றை நிரப்பி நிரப்பி ஓட்டாமல் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். மலைக்குச் செல்பவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கே விடை சொல்லிவிடலாம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்குச் சமவெளியிலிருந்து ஏறும்போது, குளிரால் அழுத்தம் மூன்று பிஎஸ்ஐ அளவு குறையும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானியில் அதே அளவு கூடும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடுவதால் மேலே போய் எதையும் மாற்ற வேண்டியதில்லை. காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் பிடிப்பதைப் பொறுத்தவரை, நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஈரமில்லாமல் இருப்பதும் சற்று மெதுவாகக் கசிவதும் அதன் நன்மைகள். இலவசமாகக் கிடைத்தால் பிடியுங்கள். நைட்ரஜன் கிடைக்கவில்லையே என்று குறைந்த காற்றோடு ஓட்டுவதுதான் தவறு. இரண்டும் கலந்தால் ஒரு கெடுதலும் இல்லை.

கண்ணாலும் கையாலும் பார்ப்பது

காற்றுப் பார்க்கக் குனிந்த கையோடு ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். தடத்தின் பள்ளங்களில் சிக்கிய கற்களைப் பழைய ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்துவிடலாம். பளபளவென்று ஆணித் தலை தெரிந்தால் மட்டும் அதைப் பிடுங்காதீர்கள். டியூப்லெஸ் டயரில் பல நேரங்களில் அந்த ஆணியே துளையை அடைத்துக்கொண்டு காற்றைப் பிடித்து வைத்திருக்கும். காற்றைச் சரியான அளவுக்கு ஏற்றிக்கொண்டு, அருகிலுள்ள பஞ்சர் கடைக்கு மெதுவாகச் செல்வதே முறை.

பக்கச்சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஏதேனும் ஓரிடத்தில் எலுமிச்சையைப் பாதியாக நறுக்கி ஒட்டவைத்தது போன்ற புடைப்பு தட்டுப்பட்டால், அந்த டயரின் ஆயுள் முடிந்துவிட்டது. குழியிலோ நடைபாதை விளிம்பிலோ வேகமாக இடித்தபோது உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்து, வெளி ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. தடம் புதிதுபோல் இருந்தாலும் அதற்கு ஒட்டோ வேறு எந்தப் பழுதுபார்ப்போ கிடையாது, மாற்றத்தான் வேண்டும். வெளிப்பக்கத்தைப் போலவே உட்பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பதால், முன் சக்கரங்களை ஸ்டீயரிங் முழுவதும் திருப்பி வைத்துப் பாருங்கள்.

தடத்தின் ஆழம் அடுத்தது. மொட்டையாகும் வரை ஓட்டலாம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளோ காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர், இருசக்கர, மூன்றுசக்கர வாகனங்களுக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் தடம் இருக்க வேண்டும் என்கின்றன. இதை அளக்கக் கருவி தேவையில்லை. டயரின் தோள்பட்டையில் சிறிய முக்கோணக் குறியோ டிடபிள்யூஐ என்ற எழுத்துகளோ இருக்கும். அந்தக் குறிக்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு சிறு ரப்பர் மேடு தெரியும். தடம் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். அது சட்டம் விதித்த கடைசி எல்லை. மழைக்காலத்துக்கு அது போதாது என்பது என் கருத்து. ஈரச்சாலையில் தண்ணீரை வாரி வெளியேற்றுவது அந்தப் பள்ளங்கள்தான். ஆழம் குறையக் குறைய டயருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் தங்கி, ஒரு வேகத்துக்கு மேல் சக்கரம் சாலையைத் தொடாமல் நீர்மேல் மிதக்கத் தொடங்கிவிடும். அப்போது ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் வண்டி கட்டுப்படாது. தடம் மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட டயரை வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மாற்றிவிடுவது நல்லது. ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம் அல்லவா, அது பெரும்பாலும் அந்த மழைக்குச் சற்று முன்பாகவே வரும். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனியும்போதே தடத்தின் ஆழத்தையும் பார்த்துவிடும் வழக்கத்தை எங்கள் வீட்டில் ஏற்படுத்திக்கொண்டோம்.

தேய்மானம் எவ்விதமாக இருக்கிறது என்பதும் ஒரு செய்தி சொல்லும். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மிச்சமிருந்தால் நெடுநாள் குறைந்த காற்றில் ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூடுதல். ஒரே ஓரம் மட்டும் வழித்ததுபோல் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், தவறியிருக்கிறது. தடத்தின் மேல் குறுக்காகக் கையை ஓட்டும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல்போலவும் உணர்ந்தால், சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்கும் கோணம் பிசகியிருக்கிறது. அங்கங்கே சொட்டைவிழுந்தது போன்ற குழிகள் இருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ சந்தேகிக்க வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போடுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

வயது

குறைவாக ஓடும் வண்டிகளுக்கு இந்தப் பகுதி மிக முக்கியமானது. ஓய்வுபெற்ற பெரியவர்கள் வைத்திருக்கும் கார்கள் ஆண்டுக்கு மூவாயிரம் கி.மீ.கூட ஓடுவதில்லை, தடம் புதிதாகவே தெரியும். ஆனால் வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ரப்பரை இறுக்கிவிடும். பக்கச்சுவரிலும் பள்ளங்களின் அடியிலும் வறண்ட ஏரிமண்போல் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். டயரின் வயதை அறியப் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் இறுதியிலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் அது செய்யப்பட்டது. இந்த இலக்கங்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கக்கூடும். காணவில்லையென்றால் உட்பக்கத்தில் தேடுங்கள். ஐந்து ஆண்டுகள் கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறை டயர் கடையில் காட்டி உள்ளும் புறமும் பார்க்கச் சொல்வது நல்லது. டயர் நிறுவனங்கள் பல பத்து ஆண்டுகளை இறுதி வரம்பாகச் சொல்கின்றன. வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு, நம் ஊர் வெயிலில், ஆறு ஏழு ஆண்டுகளுக்கு மேல் நம்ப எனக்கு மனம் வராது.

புது டயர் வாங்கும்போதும் இதே இலக்கங்களைப் பாருங்கள். அளவைப் பொறுத்தவரை, 165/80 ஆர்14 85டி என்பதில் 165 என்பது மில்லிமீட்டரில் அகலம், 80 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, ஆர் என்பது ரேடியல், 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். அடுத்து வரும் 85 என்ற குறியீடு 515 கிலோ வரை தாங்கும் என்பதையும், டி (T) என்பது மணிக்கு 190 கி.மீ. வேகம் வரை ஏற்றது என்பதையும் குறிக்கும். கையேட்டில் உள்ளதைவிடக் குறைந்த சுமைக் குறியீடுள்ள டயரை விலை மலிவாக இருக்கிறதென்று போடக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். இரண்டு டயர்கள் மட்டும் வாங்குவதாக இருந்தால், புதியவற்றைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த நல்ல டயர்களை முன்னால் மாற்றுங்கள். முன் சக்கர இழுவை வண்டிக்குப் புதியது முன்னால்தான் போக வேண்டும் என்று கடையில் வாதிடுவார்கள். ஈரச்சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு மீளலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். அதனால்தான் நல்ல பிடிப்பு பின்னால் இருக்க வேண்டும்.

இடமாற்றம், அலைன்மென்ட், பேலன்சிங்

முன் சக்கர இழுவையுள்ள கார்களில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவது ஆகிய அனைத்தும் முன் டயர்களின் தலையில் விழுவதால் அவை விரைவாகத் தேயும். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றினால் நான்கும் சேர்ந்தே தேயும். முன் டயர்களை அதே பக்கத்தில் நேராகப் பின்னுக்கும், பின் டயர்களை வலம் இடமாக மாற்றி முன்னுக்கும் கொண்டுவருவது வழக்கமான முறை. பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால், அந்த டயரைப் பக்கம் மாற்றாமல் முன்பின்னாக மட்டுமே மாற்ற வேண்டும்.

அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் ஒன்றென்றே பலர் நினைக்கிறார்கள். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணம். பேலன்சிங் என்பது ஒரு சக்கரத்தின் சுற்றில் எடை சமமாகப் பரவியிருப்பது. நேரான சாலையில் கையைச் சற்றுத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, நேராக ஓடும்போதே ஸ்டீயரிங் கோணலாக நிற்பது ஆகியவை முன்னதன் அடையாளங்கள். மழைநீர் வடிய நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சாய்வாகப் போடப்படுவதால் இடப்பக்கமாகச் சிறிது நகர்வது இயல்பே. அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கரத்தின் பேலன்சிங்கையும், இருக்கை அதிர்ந்தால் பின் சக்கரத்தையும் பார்க்க வேண்டும். ரிம் ஓரத்தில் 20 கிராம் எடை கூடினாலும், 100 கி.மீ. வேகத்தில் மூன்று கிலோ எடைக்கு நிகரான விசை வினாடிக்குப் பதினான்கு முறை சக்கரத்தை உலுக்கும். கடைக்குப் போகுமுன் ரிம்மின் உட்புறத்தை ஒருமுறை பாருங்கள். வயல்வழிப் பாதையில் அப்பிய சேறு காய்ந்து ஒரு பக்கமாக ஒட்டியிருந்தாலும் இதே நடுக்கம் வரும்; தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் தீர்ந்துவிடும்.

பஞ்சரும் ஸ்டெப்னியும்

தடப்பகுதியில் ஆணி ஏறிய சிறு துளையை வெளியிலிருந்தே பசை தடவிய ரப்பர் திரியைச் செருகி அடைப்பது நம் ஊர் வழக்கம். வழியில் சமாளிக்க அது போதும். நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓடும் வண்டியென்றால், பிறகு டயரைக் கழற்றி உட்புறமாகக் காளான் வடிவ ஒட்டைப் போட்டுக்கொள்வதே நிலையான வழி. உள்ளே சேதம் இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். காற்றில்லாமல் சிறிது தூரம் உருண்ட டயரைக் கழற்றினால் உள்ளே கருந்தூள் கொட்டும். பக்கச்சுவர் நசுங்கி அரைபட்டுவிட்டது என்பதற்கு அதுவே சான்று. அதை மீண்டும் போடாதீர்கள். பக்கச்சுவரில் விழுந்த துளையை யார் ஒட்டித் தருவதாகச் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

ஸ்டெப்னி என்று நாம் சொல்லும் சொல், வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் உள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904இல் அங்கேதான் மாற்றுச் சக்கரம் செய்யத் தொடங்கினார்கள். பெயர் நிலைத்துவிட்டது, பொருளைத்தான் மறந்துவிடுகிறோம். ஸ்டெப்னியில் மற்றவற்றைவிட ஐந்து பிஎஸ்ஐ கூடுதலாக வைத்து, மாதாந்தரச் சோதனையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தும் நாளில் சரியான அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். மற்ற நான்கைவிடச் சிறியதாக இருந்தால், அது தற்காலிகச் சக்கரம். அதன்மேல் எழுதியிருக்கும் வேக வரம்பை, பெரும்பாலும் 80 கி.மீ., மீறக் கூடாது.

சக்கரம் மாற்றும்போது சமதளத்தில், சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கும் முதல் கியரும் போட்டு, எல்லோரையும் இறக்கி, பஞ்சரான சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை ஐம்பது மீட்டர் பின்னால் வையுங்கள். இடம் ஆபத்தானது என்று தோன்றினால் மாற்ற முயலவே வேண்டாம். தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற உதவி எண் இருக்கிறது. ஜாக்கியால் தூக்குமுன், சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதே, ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். ஜாக்கியைக் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில், சக்கரத்தையொட்டி வெட்டுக்குறி உள்ள இடத்தில் மட்டுமே கொடுங்கள். ஸ்டெப்னியை வண்டியின் அடியில் படுக்க வைத்துவிட்டால், ஜாக்கி சரிந்தாலும் வண்டி தரையில் மோதாது. கழற்றிய சக்கரத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டு ஸ்டெப்னியை எடுத்து மாட்டுங்கள். நட்டின் கூம்பான முகம் ரிம்மை நோக்கி இருக்கட்டும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகி, பிறகு ஒன்றுக்கு எதிரே இன்னொன்று என்ற வரிசையில் இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபின் இறுதியாக இறுக்க வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது என்பது பற்றி எனக்குக் கிடைத்த பாடம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டி இரவு பத்து மணியளவில் இடது பின் சக்கரம் பஞ்சரானது. வண்டியில் என் தாயாரும் மனைவியும் இருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு டயர் கடையில் இடமாற்றம் செய்திருந்தோம். காற்றுத் துப்பாக்கியால் அவர்கள் இறுக்கிய நட்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை. ஸ்பேனரின் மேல் ஏறி நின்றேன், ஸ்பேனர்தான் வளைந்தது. கடைசியில் லாரியை நிறுத்திய ஓர் ஓட்டுநர், "நகருங்க தம்பி" என்று சொல்லி, மூன்றடி இரும்புக் குழாயைத் தன் ஸ்பேனரின் கைப்பிடியில் மாட்டி ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். அன்று அவர் வராமலிருந்தால் விடியும்வரை அங்கேயே நின்றிருப்போம். அன்றிலிருந்து எந்தக் கடையில் சக்கரத்தைக் கழற்றினாலும், இறுதி இறுக்கத்தைக் கைஸ்பேனரால், முடிந்தால் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் செய்யச் சொல்கிறேன்; வீட்டுக்கு வந்ததும், வண்டியில் இருக்கும் ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி மீண்டும் இறுக்கிப் பார்க்கிறேன். நட்டை இறுக்க வேண்டிய அளவு சிறிய கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டிக்குரிய எண் கையேட்டில் உண்டு. முப்பது செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் முப்பது, முப்பத்தைந்து கிலோ எடையால் அழுத்துவதற்கு ஏறத்தாழ நிகரானது அது. ஏறி மிதிக்கத் தேவையே இல்லை.

ரிம்மும் நிற்கும் வண்டியும்

இரும்பு ரிம் குழியில் அடிபட்டு விளிம்பு மடங்கினால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் வீலில் விரிசல் விட்டால் வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் இரும்பு ரிம்மின் விளிம்பு துருப்பிடித்து, டயர் அமரும் இடத்தில் மெல்லக் காற்று கசியும்; துருவைத் தேய்த்து வண்ணம் பூசித் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். கழுவுவதற்குச் சோப்பு நீர் போதும். டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டு டயரைக் கருகருவென்று துடைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும் என்பதால் அதை உடனே நிறுத்த வேண்டும்.

வெளிநாடு செல்வதாலோ வேறு காரணத்தாலோ வண்டி வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால், டயர்களில் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாக வைத்து, நிழலில் நிறுத்தி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைச் சக்கரச் சுற்றேனும் நகர்த்தச் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருந்தால் அந்த இடம் தட்டையாகிவிடும். திரும்பி வந்த அன்று முதல் சில கி.மீ. தூரம் சக்கரம் "தட தட" என்று ஒலித்தால் அந்தத் தட்டைதான் காரணம். டயர் சூடேறியதும் பெரும்பாலும் அது மறைந்துவிடும். இருபது கி.மீ. ஓடியும் மறையவில்லையென்றால் வேகத்தைக் கூட்டாமல் டயர் கடைக்குச் சென்று, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றி மாட்டிய சக்கரம் எதுவானாலும் முதல் ஐம்பது கி.மீ. ஓடியபின் அதன் நட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.